வியாழன் தலையிலே விளக்கு – ஏற்றியவன் யார்?

மாலை நேரம். படிப்பகத்து வாயிலிலே நாலைந்து தோழர்கள். ஆலை விட்டு வந்தவர்கள். கையிலே தூக்குப் பாத்திரம், கண்ணிலே களைப்பு. வியாழன் எனும் கோளைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம். அதன் வடமுனையிலும் தென்முனையிலும் ஓயாமல் ஒரு ஒளிவட்டம் சுடர்விடுகிறது. அதைப் பற்றி ஏட்டிலே எழுதப்போகிறோம் என்றோம்.

நம்மைவிட வயதிலே மூத்தவர், நெசவாலைத் தொழிலாளி ஒருவர், துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி! அரிசி விலையைப் பற்றி எழுது, ஆலை வேலையைப் பற்றி எழுது, படிக்கிறோம். எங்கேயோ இருக்கிற வியாழன் தலையிலே விளக்கு எரிந்தால் நமக்கென்ன, அணைந்தால் நமக்கென்ன?"

நல்ல கேள்வி! நறுக்கென்று கேட்ட கேள்வி! நாளெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர், 'இதனால் எனக்கென்ன?' என்று கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் தலையாட்டுகிறவனைவிடக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறவனே மேல்.

"அண்ணே! விளக்கு எரிவது வியாழன் தலையிலே. ஆனால் அதை ஏற்றிவைத்தவன் யார் என்று கேளுங்கள். கதையைக் கேட்டுவிட்டு, நமக்கென்ன என்பதை நீங்களே சொல்லுங்கள்" என்றோம். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலிலே நம் பூமி. நார்வே, ஐஸ்லாந்து, கனடா போன்ற வடகோடி நாடுகளிலே, இருண்ட இரவிலே, வானத்தில் பச்சைத் திரை ஒன்று தொங்கும். காற்றிலே சேலை அசைவதுபோல் அசையும். துருவ ஒளி என்பர் அதனை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசப்படும் மின்துகள்கள் பூமியின் காந்தப் பிடியிலே சிக்குகின்றன; முனைகளை நோக்கி இழுக்கப்படுகின்றன; உயரத்திலே உள்ள காற்றில் மோதுகின்றன. மோதிய இடத்திலே காற்று ஒளிர்கிறது. நம் வீட்டுக் குழல்விளக்கிலே அடைபட்ட வாயுவின் ஊடே மின்சாரம் பாய்ந்ததும் வெளிச்சம் பிறக்கிறதே, ஏறக்குறைய அதே வித்தைதான். சூரியன் சீறினால் துருவ ஒளி பொங்கும். சூரியன் அடங்கினால் துருவ ஒளி மங்கும். பூமியின் விளக்குக்குச் சாவி சூரியன் கையிலே.

சரி, வியாழனிலும் அப்படித்தானே இருக்கவேண்டும்? அப்படித்தான் எவரும் எண்ணுவர். ஆனால் கணக்குப் போட்டால் கணக்கு இடிக்கிறது.

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான தொலைவிலே இருக்கிறது வியாழன். அவ்வளவு தொலைவிலே சூரியக் காற்று பரவி, மெலிந்து, சோர்ந்துவிடுகிறது. அப்படியிருந்தும் வியாழனின் துருவ ஒளி, பூமியின் துருவ ஒளியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஆற்றல் மிக்கது. ஓய்வதே இல்லை. மிகுதியும் புறஊதாக் கதிராக வீசுவதால் நம் கண்ணுக்குப் புலனாகாது. அதற்கென்று அமைத்த கருவியின் கண்ணுக்குப் பளிச்செனப் புலனாகும்.

சூரியனிடமிருந்து வருவது குறைவு. எரியும் விளக்கோ பெரிது. அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

"வியாழன் பெரியவன், பெரியவனுக்கு ஒளி பிறவியிலேயே உண்டு" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையிலே வியாழன் பெரியவன்தான். குறுக்களவு ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். பூமிகள் பதினொன்றை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு பெரிய உடம்பு, பத்து மணி நேரம் நிறைவதற்குள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடுகிறது. அதன் காந்த வலிமையோ பூமியினுடையதைப்போல் ஏறக்குறைய 20,000 மடங்கு. அளவிலே பெரியவன், வேகத்திலே பெரியவன், காந்தத்திலே பெரியவன். ஆனால் விஞ்ஞானிகள் பெரியவனைக் கண்டு கைகட்டி நின்றுவிடவில்லை. 'இந்த ஒளிக்கு மூலம் எது?' என்று கேட்டனர். கேட்டவர்களுக்குத்தான் விடை கிடைத்தது. விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

1955. அமெரிக்காவிலே மேரிலாந்துப் பகுதியில், 96 ஏக்கர் வயல்வெளியிலே கம்பிகளைக் கட்டி, வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்டுக்கொண்டிருந்தனர் இருவர். ஒருவர் பெர்னார்டு பர்க், மற்றவர் கென்னத் பிராங்க்ளின். இடையிடையே 'கரகர' என்று ஒரு இரைச்சல். பக்கத்துச் சாலையிலே யாரோ மோட்டார் வண்டி ஓட்டிப் போகிறார், அதன் பொறி இரைகிறது என்றே முதலில் எண்ணினர். ஆனால் மீண்டும் மீண்டும் வந்தது அந்த இரைச்சல். வானத்திலே ஒரு குறிப்பிட்ட இடம் தலைக்குமேல் வரும்போது மட்டும் வந்தது. அந்த இடத்திலே இருந்தது எது? வியாழன்! கோள் ஒன்று வானொலி அலையைக் கிளப்புகிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

இரைச்சல் ஏன் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை? 1964இல் ஆஸ்திரேலியாவின் பிக் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் புதிரை அவிழ்த்தார். வியாழனைச் சுற்றும் நிலவுகளிலே ஒன்று, தன் பாதையிலே இரண்டு குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போது இரைச்சல் ஓங்குகிறது என்று காட்டினார். அந்த நிலவின் பெயர் அயோ. ஆங்கிலத்தார் சொல்லும்போது நம் காதிலே 'ஐயோ' என்றே விழும். ஆனால் அலறல் அல்ல தோழர்களே, பெயர்தான்!

1610 ஜனவரியிலே கலிலியோ தம் தொலைநோக்கியைத் திருப்பிக் கண்டறிந்த நான்கு நிலவுகளிலே, வியாழனுக்கு மிக அருகில் இருப்பது இது. குறுக்களவு 3,643 கிலோமீட்டர். நம் நிலவைவிடச் சற்றே பெரிது. வியாழன் பக்கத்திலே வைத்தால் பூசணிக்காய் அருகிலே பட்டாணி. ஆனால் இந்தப் பட்டாணி பல பேருண்மைகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இது வியாழன் நிழலிலே மறைந்து மறைந்து வெளிவரும் நேரக்கணக்கை வைத்துத்தான், ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று 1676இல் ரோமர் என்பவர் எடுத்துக்காட்டினார்.

இவ்வளவு சிறியது, அவ்வளவு பெரியதை எப்படி ஆட்டிவைக்கிறது?

இங்கேதான் நம் தோழர்கள் நெஞ்சிலே வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு மனிதர் வருகிறார். மைக்கேல் பாரடே. லண்டன் பக்கத்துக் கொல்லர் ஒருவரின் மகன். கல்லூரி வாசலை மிதிக்காதவர். புத்தகம் கட்டும் கடையிலே எடுபிடியாகச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு வளர்த்துக்கொண்டவர். 1831இல் அவர் ஒரு செப்புத் தட்டைக் காந்தத்தின் இடையிலே வைத்துச் சுழற்றினார். தட்டிலே மின்சாரம் பிறந்தது. காந்தமும் கடத்தியும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால் மின்சாரம் எழும். அவ்வளவுதான் அவர் கண்ட விதி. நம் சைக்கிளிலே டயரோடு உராய்ந்து சுழலும் டைனமோ, அந்த விதியின் பேரப்பிள்ளை. ஊருக்கெல்லாம் ஒளி தரும் மின்நிலையம், அந்த விதியின் பெரிய பிள்ளை.

அயோ இருக்கும் இடத்துக்குப் போவோம். அது வியாழனிலிருந்து 4,22,000 கிலோமீட்டர் தள்ளி, 42 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான காலத்திலே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வியாழனோ பத்து மணிக்குள் சுழன்றுவிடுகிறது. தன் காந்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுழல்கிறது. ஆகவே அந்தக் காந்தம் பின்னாலிருந்து ஓடிவந்து அயோவை இடைவிடாமல் முந்திக்கொண்டே இருக்கிறது. முந்தும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 57 கிலோமீட்டர்! சென்னை எழும்பூரிலே புறப்பட்டு, ஒரே நொடியில் செங்கற்பட்டிலே இறங்குகிற வேகம்.

காந்தம் ஓடுகிறது, நடுவிலே அயோ நிற்கிறது. பாரடேயின் செப்புத் தட்டும் இதுவேதான்! 1969இல் கோல்டுரைக், லிண்டன்-பெல் எனும் இரு விஞ்ஞானிகள் இதனை விளக்கி எழுதினர். அயோவின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4,00,000 வோல்ட். நம் நாட்டிலே வயல்களுக்குமேல் உயர்ந்த கோபுரங்களில் தொங்கிப்போகிறதே பெரும் மின்தடம், அதிலே ஓடும் அழுத்தமும் 4,00,000 வோல்ட்தான். ஆனால் இங்கே ஓடும் மின்னோட்டத்தைப் பாருங்கள்: 30 லட்சம் ஆம்பியர் அளவு! இரண்டையும் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி வாட்டுக்குமேல் வருகிறது. 2025 நிலவரப்படி இந்தியாவிலே உள்ள மின்நிலையங்கள் அத்தனையின் திறனையும் கூட்டினாலும் அதற்கு நிகராகாது.

அந்த மின்சாரம் எந்தக் கம்பியிலே போகிறது? கம்பி இல்லை, வியாழனின் காந்தக் கோடுகளே கம்பி. அவற்றின் வழியே மின்துகள்கள் இருபுறமும் பாய்ந்து, ஒன்று வடமுனைப் பக்கமும் ஒன்று தென்முனைப் பக்கமும் சென்று, வியாழனின் காற்றிலே உள்ள ஹைட்ரஜனில் மோதுகின்றன. மோதிய இடத்திலே ஒளி!

இவ்வளவும் கணக்கு. கண்ணால் கண்டவர் உண்டா? உண்டு. 1993இல் ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையுச்சியிலுள்ள தொலைநோக்கியைக் கொண்டு, கானர்னி முதலானோர் வியாழனின் முனையருகே தனித்து ஒரு ஒளிப்புள்ளியைக் கண்டனர். வியாழன் சுழல்கிறது, அதன் துருவ ஒளிவட்டமும் கூடவே சுழல்கிறது. இந்தப் புள்ளி மட்டும் அதனோடு சுழல மறுக்கிறது! வியாழனை விட்டுவிட்டு அயோவோடு நடக்கிறது. அயோ எங்கே போகிறதோ, அங்கே புள்ளியும் போகிறது. பிறகு ஹப்புள் விண்தொலைநோக்கியும் அதனைப் படம் பிடித்தது. காலடித் தடம் என்று பெயர் வைத்தனர். பெரியவன் தலையிலே சிறியவன் பதித்த காலடி!

இந்த இடத்திலே நம் நெசவாலைத் தோழர் குறுக்கிட்டார். "நில்லு தம்பி! டைனமோவைப் போட்டால் சைக்கிள் மிதிக்கக் கனக்கும். வெளிச்சம் சும்மா வராது. அங்கே மிதிக்கிறவன் யார்?"

பார்த்தீர்களா? எனக்கென்ன என்று கேட்டவர், இப்போது விஞ்ஞானி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கிறார்! சைக்கிள் மிதித்த கால் கற்றுக்கொடுத்த பாடம் அது.

உண்மையை உள்ளபடியே சொல்லவேண்டும். மிதிப்பவன் வியாழன்தான். அதன் சுழற்சியிலிருந்துதான் அந்த ஆற்றல் எடுக்கப்படுகிறது. சிறியது எல்லாம் செய்தது, பெரியது ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் சுழற்சி மட்டும் விளக்காகிவிடாது. சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கலாம். டைனமோ உராயாவிட்டால் வெளிச்சம் ஏது? குறுக்கே நின்று, ஓட்டத்தை வாங்கி, மின்சாரமாக மாற்றிக்கொடுப்பது அயோ.

அது மட்டுமா? அந்த ஒளிவட்டத்துக்கு வேண்டிய சரக்கையும் தன் வயிற்றிலிருந்தே கொடுக்கிறது. அயோ ஒரு எரிமலை உலகம். ஒரு பக்கம் வியாழன் இழுக்கிறது; மறுபக்கம் யூரோப்பா, கானிமீட் எனும் அண்டை நிலவுகள் இழுக்கின்றன. கானிமீட் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு சுற்று, அயோ நான்கு சுற்று. தாளம் தவறாத இந்த இழுபறியிலே, பிசைந்த மாவைப்போல் அயோவின் உடல் பிசையப்படுகிறது. பிசைந்து பிசைந்து சூடேறுகிறது. அதன் உள்ளே பெருஞ்சூடு இருக்கவேண்டும் என்று பீல் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1979 மார்ச் 2ஆம் நாள் வெளியான இதழிலே எழுதினர். மூன்றே நாளில் வாயேஜர்-1 எனும் விண்கலம் அயோவைக் கடந்தது. அது அனுப்பிய படமொன்றிலே, அயோவின் விளிம்பிலே குடைபோல் எழும்பிநின்ற புகையை மார்ச் 9ஆம் நாள் கண்டுபிடித்தவர் லிண்டா மொராபிட்டோ எனும் பெண்மணி. பூமிக்கு வெளியே, எரிந்துகொண்டிருக்கும் எரிமலையை மனித இனம் கண்டது அதுவே முதல் முறை.

அந்த எரிமலைகள் கக்கும் கந்தகமும் பிராணவாயுவும், நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் வீதம், வியாழனின் காந்த மண்டலத்திலே சேர்கின்றன. மின்னேற்றம் பெற்று, அயோவின் பாதை நெடுகிலும் ஒரு பெரும் வளையமாகச் சூழ்ந்து நிற்கின்றன. வியாழன் தன் சுழற்சியால் அந்தச் சுமையை இழுத்தாகவேண்டும். இழுக்கும்போது எழும் மின்னோட்டத்துக்கு, அதன் முனைகளைச் சுற்றிச் சுடரும் பெரிய ஒளிவட்டத்திலே முக்கியப் பங்குண்டு. காலடிப் புள்ளி மட்டுமல்ல தோழர்களே, வியாழனின் மகுடமே அயோ கொடுத்த சரக்கிலேதான் ஒளிர்கிறது. 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம் இவற்றை அருகிலிருந்து அளந்திருக்கிறது. 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும், அயோவிலிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கிப் பார்த்தது.

அயோ மட்டுமா? யூரோப்பாவின் காலடியையும் கானிமீடின் காலடியையும் ஹப்புள் எடுத்த படங்களிலே கண்டு 2002இல் அறிவித்தனர். நான்காவது நிலவான காலிஸ்டோவின் காலடி மிக மங்கல். ஜூனோ 2019இல் சேர்த்த செய்திகளிலிருந்து அதனையும் கண்டெடுத்து 2025இல் அறிவித்தனர். கலிலியோ கண்ட நான்கும் வியாழன் தலையிலே தத்தம் முத்திரையைக் குத்திவிட்டன! சனிக்கோளிலே என்சலடஸ் என்றொரு நிலவு. குறுக்களவு வெறும் 504 கிலோமீட்டர். தென்முனையிலே நீரைப் பீச்சுகிறது. அதுவும் சனியின் தலையிலே ஒரு ஒளிப்புள்ளி வைத்திருக்கிறது என்று, காசினி விண்கலம் கண்டதைக்கொண்டு 2011இல் அறிவித்தனர். அளவிலே சிறுத்தாலும் அடையாளம் பதிக்கத் தவறவில்லை.

இனி, இந்த ஒளியால் வந்த பயன் ஒன்றையும் சொல்லவேண்டும். கானிமீடுக்கு ஒரு தனிச்சிறப்பு: அதற்குச் சொந்தமாகக் காந்தம் உண்டு. 1996இல் கலிலியோ எனும் பெயர்கொண்ட விண்கலம் கண்ட உண்மை இது. சொந்தக் காந்தம் இருப்பதால் அதன் தலையிலும் துருவ ஒளி உண்டு. வியாழனின் காந்தம் சாய்ந்து சுழல்வதால், கானிமீடின் ஒளிவட்டம் மேலும் கீழும் ஊசலாடும். எவ்வளவு ஆடவேண்டும்? கணக்குப்படி 6 பாகை. எவ்வளவு ஆடுகிறது? ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்து யோகிம் சவுர் குழுவினர் ஹப்புள் கொண்டு அளந்தனர்: 2 பாகைதான்!

ஆட்டத்தை அடக்குவது எது? மின்சாரத்தைக் கடத்தும் ஏதோ ஒன்று உள்ளே இருந்து எதிர்த்து நிற்கவேண்டும். உப்பு நீர்! கானிமீடின் பனிக்கட்டி மேலோட்டுக்கு அடியிலே ஒரு மாகடல் இருக்கிறது என்று 2015இல் அறிவித்தனர். துளை போடவில்லை, தோண்டவில்லை. கால் வைக்கவும் இல்லை. நாடி பிடித்துப் பார்த்து நோய் சொல்லும் மருத்துவரைப்போல், விளக்கின் ஆட்டத்தைப் பார்த்தே அடியிலுள்ள கடலைச் சொன்னார்கள். அதனை மேலும் ஆராய 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஜூஸ் எனும் ஐரோப்பிய விண்கலம், 2031இல் வியாழனை அடையவேண்டும்.

சொல்லி முடித்தோம். "இப்போது சொல்லுங்கள் அண்ணே, நமக்கென்ன?" என்று கேட்டோம்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. நாமே சொன்னோம். அரிசி விலை கூடாமல் இருக்க அயோ உதவாது. உதவும் என்று சொன்னால் நாம் ஏமாற்றுக்காரர் ஆவோம். ஆனால் ஒளியைக் கண்டால் ஒளியின் மூலத்தைத் தேடும் பழக்கம் இருக்கிறதே, அது எங்கும் உதவும். தறி ஓடும் கூடத்திலும் உதவும், கூலிக் கணக்கிலும் உதவும். கொல்லர் மகன் கண்ட விதி, நம் சைக்கிளிலும் வேலை செய்கிறது, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வியாழனிலும் வேலை செய்கிறது. உயர்ந்த இடத்துக்கு ஒரு விதி, தாழ்ந்த இடத்துக்கு ஒரு விதி என்று இயற்கை வைத்திருக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

தோழர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "அந்த அயோ நம்ம கண்ணுக்குத் தெரியுமா தம்பி?"

"துருவ ஒளி தெரியாது. வெறுங்கண்ணுக்கு அயோவும் தெரியாது. ஆனால் வியாழன் வானத்திலே இருக்கும் மாதங்களிலே, சாதாரணத் தொலைநோக்கி ஒன்று போதும். வியாழனின் இருபுறமும் வரிசையாகச் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். வியாழனை ஒட்டி ஓடிக்கொண்டிருப்பதுதான் அயோ."

"படிப்பகத்துக்கு ஒன்று வாங்கினால் என்ன? ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம்."

நோட்டுப் புத்தகம் வந்தது, பட்டியல் எழுதப்பட்டது. 'நமக்கென்ன?' என்று கேட்டவர் பெயர்தான் அதிலே முதற்பெயர்.